பிரெஞ்சு உச்சரிப்பு ஆங்கிலக் காதுக்கு எப்படிக் கேட்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஆரம்பப் பாடம் எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள்தான். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் புத்தகமும், பார்த்துவிட்டு வரும் வீடியோவும் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காகச் செய்தவை. அதனால் "பிரெஞ்சு இப்படித்தான் இருக்கும்" என்று அவர்கள் நம்பிக்கொண்டு வருவது, பல நேரம் ஒரு லண்டன்காரர் காதில் விழுந்த பிரெஞ்சாகத்தான் இருக்கிறது. அந்தக் காது எதை எப்படி மாற்றிக் கேட்கிறது என்று புரிந்துவிட்டால் பாதிச் சிரமம் போய்விடும். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை.

பிரெஞ்சு பேசுறதைக் கேட்டா ஏன் மூக்கடைச்ச மாதிரியே இருக்கு?

மூக்கு அடைத்திருந்தால் அந்த ஒலிகள் வரவே வராது. பிரெஞ்சில் சில உயிர் ஒலிகளைச் சொல்லும்போது காற்று வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் சேர்ந்து வெளியே போகிறது, அதற்குப் பிறகு 'ன்' என்றோ 'ம்' என்றோ நாக்கும் உதடும் மூடுவதில்லை. 'நல்ல' என்று பொருள் தரும் 'போன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது கடைசியில் 'ன்' இருக்கும், சொல்லும்போது அந்த 'ஓ'வே மூக்கில் ஒலித்து நின்றுவிடும்.

ஆங்கிலத்திலும் 'ன்'னுக்கு முன்னால் வரும் உயிர் கொஞ்சம் மூக்கில் ஒலிக்கத்தான் செய்யும், ஆனால் கூடவே அந்த 'ன்'னும் வந்துவிடும். ஆகவே ஆங்கிலக் காது மூக்கொலியைக் கேட்டவுடன் இங்கே ஒரு மெய்யெழுத்து இருந்தாக வேண்டும் என்று தானாகவே ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. 'போன்' அவர்கள் வாயில் 'போங்' ஆவது அப்படித்தான்.

நமக்கு இந்தச் சிக்கல் இருக்கவே கூடாது. "அவன் வந்தான்" என்பதை வீட்டில் பேசுவதுபோல வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் நாக்கு மேலே போய்த் தொடுகிறதா? தொடாது. 'மரம்' என்று பேச்சில் சொல்லும்போது உதடு மூடுகிறதா? மூடாது. அதே வேலைதான். ஆங்கிலப் புத்தகம் பத்துப் பக்கத்தில் விளக்குவதை நாம் குழந்தையிலிருந்தே செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த மூக்கொலி மூணா, நாலா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

இரண்டும் சரிதான். பழைய கணக்கு நான்கு. பாரிஸ் பக்கம் பேசுகிறவர்கள் அதில் இரண்டை ஒன்றாக்கிவிட்டார்கள், அதனால் அங்கே மூன்று. தெற்கு பிரான்ஸிலும் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் நான்கும் உயிரோடு இருக்கின்றன. தெற்கே மார்செய் பக்கம் போனால் மூக்கொலிக்குப் பின்னால் ஒரு சின்ன 'ங்' ஒட்டிக்கொண்டே வரும். முந்தைய பதிலில் சொன்ன ஆங்கிலக்காரரின் 'போங்' அங்கே அவ்வளவு அந்நியமாகக் கேட்காது.

அந்த 'ர' மட்டும் தொண்டையைச் செருமுற மாதிரி இருக்கே, அப்படியே சொல்லணுமா?

செரும வேண்டாம், தொண்டைதான் புண்ணாகும். ஆங்கில 'ர' சொல்லும்போது நாக்கு எங்கேயும் தொடாமல் வாய்க்குள் சுருண்டு நிற்கும். பிரெஞ்சு 'ர' நாக்கின் அடிப்பகுதிக்கும் உள்நாக்குக்கும் இடையே காற்று உரசி வருவது. அந்த இடத்தில் ஆங்கிலத்தில் எந்த ஒலியும் கிடையாது. பழக்கமில்லாத ஒலியைக் காது பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒன்றில் சேர்த்துவிடும். அவர்களுக்கு அது 'ஹ' மாதிரியோ 'க' மாதிரியோ விழுகிறது, அதைத் திருப்பிச் சொல்லும்போது மிகைப்படுத்திக் காறுகிறார்கள். இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும்போது, 'பாரி' என்று அவர்கள் தங்கள் தலைநகரைச் சொல்லும்போது, அது ரொம்ப மென்மையான ஒலி. 'த', 'ப', 'க' ஒலிகளுக்குப் பின்னால் வரும்போதுதான், 'மூன்று' என்பதற்கான 'த்ருவா' மாதிரிச் சொற்களில், கொஞ்சம் கரகரப்பாகிறது.

நமக்கு ஒரு வழி இருக்கிறது. 'பகல்' என்று இயல்பாகச் சொல்லுங்கள். நடுவில் வரும் 'க' முழுசாகத் தொடாமல் தளர்ந்து வருகிறது இல்லையா? அதையே இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிச் சொல்லிப் பழகுங்கள், வந்துவிடும். வராவிட்டாலும் பரவாயில்லை. நம் ஊர் 'ர' போட்டாலும் அவர்களுக்குப் புரியும், ஏனென்றால் பிரெஞ்சு 'ர'வே ஒரு காலத்தில் நாக்கு நுனியில்தான் இருந்தது. 1670-இல் மோலியேர் எழுதிய நாடகம் ஒன்றில் ஒரு வாத்தியார் 'ர' சொல்லிக்கொடுக்கும் காட்சி வருகிறது. நாக்கு நுனியை மேலண்ணத்துக்குக் கொண்டுபோ என்றுதான் அவர் சொல்கிறார்.

'நீ'ங்கிறதுக்கு பிரெஞ்சுல 'தூ'வா, 'த்யூ'வா?

இரண்டும் இல்லை. 'ஈ' என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காதீர்கள். உதட்டை மட்டும் விசிலடிப்பதுபோலக் குவியுங்கள். அந்த ஒலிதான். ஒரு கண்ணாடி முன்னால் நின்று செய்தால் இரண்டு நிமிடத்தில் பிடிபடும்.

ஆங்கிலத்தில் நாக்கு முன்னால் வந்தால் உதடு விரியும், உதடு குவிந்தால் நாக்கு அவ்வளவு முன்னால் வராது. பிரெஞ்சு ஒலியில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஆங்கிலக் காதோ அதைப் பிரித்து, முதலில் ஒரு 'ய்', பிறகு ஒரு 'ஊ' என்று வரிசையாகக் கேட்கிறது. 'மெனியூ', 'டெபியூ' எல்லாம் அப்படி உள்ளே வந்த சொற்கள். சில இடங்களில் அந்த 'ய்'யும் போய் வெறும் 'ஊ' ஆகிவிடும். 'தேஜா வூ' என்று எல்லோரும் சொல்கிறோமே, ஏற்கெனவே பார்த்ததுபோன்ற உணர்வு, அதை அப்படி 'ஊ' போட்டுச் சொன்னால் பிரெஞ்சுக்காரர் காதில் "ஏற்கெனவே நீங்கள்" என்று விழும். 'மேலே' என்பதற்கும் 'கீழே' என்பதற்கும் உள்ள பிரெஞ்சுச் சொற்களில் இந்த ஒரு உயிர்தான் வித்தியாசம். அலமாரியில் எதையாவது எடுத்துத் தரச் சொல்லும்போது இது தெரியாமல் இருந்தால் கஷ்டம்.

பிரெஞ்சுக்காரர் 'பாட்டு'ல வர்ற 'பா' சொன்னா ஆங்கிலக்காரருக்கு 'பாரதி'யில வர்ற 'பா' மாதிரி கேட்குதாமே, உண்மையா?

உண்மை. உங்கள் வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'பாட்டு' என்று சொல்லுங்கள். காகிதம் பெரிதாக ஆடாது. ஒரு லண்டன்காரரைப் 'பேப்பர்' என்று சொல்லச் சொன்னால் காகிதம் பறக்கும். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ப', 'ட', 'க' எல்லாவற்றோடும் மூச்சு கிளம்பி வரும். அந்த மூச்சை வைத்துத்தான் அவர்கள் காது அடையாளம் காண்கிறது. பிரெஞ்சு 'ப'வில் மூச்சு இல்லை, அதனால் பக்கத்து அறைக்கு, அதாவது 'பாரதி'யின் 'பா'வுக்கு, தள்ளிவிடுகிறார்கள்.

நமக்கு இங்கே உழைப்பே இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் 'டி' எழுத்தைப் பார்த்தவுடன் 'ட' போட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சில் அது 'த'. நாக்கு பல்லைத்தான் தொட வேண்டும். 'டேபிள்' என்று ஆங்கிலத்தில் நாம் சொல்வது அங்கே 'தாப்ள்'. என் வகுப்பில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்தவர்களின் பிரெஞ்சு அன்றைக்கே வேறு மாதிரி கேட்க ஆரம்பித்திருக்கிறது.

ஒரு சொல் எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையே?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். எந்த மொழியிலும் பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. காதுதான் வெட்டிக்கொள்கிறது. எங்கே வெட்டுவது என்பதை அவரவர் தாய்மொழி கற்றுக்கொடுத்திருக்கும். ஆங்கிலத்தில் பெரும்பாலான சொற்கள் அழுத்தமான அசையில் தொடங்கும். அதனால் ஆங்கிலம் பேசுகிறவர் ஓர் அழுத்தமான அசையைக் கேட்டவுடன் "புதுச் சொல் ஆரம்பம்" என்று வெட்டுகிறார். 1988-இல் ஆன் கட்லர், டென்னிஸ் நோரிஸ் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதனை வைத்துக் காட்டினார்கள். பிரெஞ்சிலோ அழுத்தம் விழுவது சொற்கூட்டத்தின் கடைசி அசையில். ஆங்கிலக்காரர் எங்கே ஒரு சொல் பிறக்கிறது என்று நினைக்கிறாரோ அங்கேதான் பிரெஞ்சில் தொடர் முடிகிறது. வெட்டு தப்பான இடத்தில் விழாமல் என்ன செய்யும்?

பிரெஞ்சுக்காரர்கள் அசை அசையாக வெட்டுகிறார்கள். 'பாலான்ஸ்', 'பால்கோன்' என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடந்தது. முதல் சொல் 'பா' என்ற அசையில் தொடங்குகிறது, இரண்டாவது 'பால்' என்ற அசையில். பிரெஞ்சுக் கேட்பவர்கள் முதல் சொல்லில் 'பா'வைச் சட்டென்று கண்டுபிடித்தார்கள், இரண்டாவதில் 'பால்' துண்டை. 1986-இல் இதையே இரண்டு மொழிக்காரர்களிடமும் இரண்டு மொழிச் சொற்களையும் கொடுத்துப் பார்த்தபோது, ஆங்கிலம் பேசுகிறவர்கள் பிரெஞ்சுச் சொல்லைக் கேட்கும்போதும் அசையைப் பயன்படுத்தவில்லை, பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலச் சொல்லிலும் அதை விடவில்லை. காது எங்கே போனாலும் தன் வீட்டுப் பழக்கத்தோடுதான் போகிறது.

இதற்கு மேல் புணர்ச்சி வேறு. 'நண்பர்கள்' என்பது 'ஆமி', முன்னால் பன்மைக்கான 'லே' வந்தால் 'லேஸாமி'. ஊமையாக இருந்த 'ஸ்' அடுத்து உயிர் வந்தவுடன் எழுந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலக்காரருக்கு 'ஸாமி' என்று புதிதாக ஒரு சொல் கேட்கிறது. உடம்படுமெய்யும் புணர்ச்சி விதியும் படித்து வந்த நமக்கு இது புதிதே இல்லை. 'கல்' 'எடு' சேர்ந்து 'கல்லெடு' ஆகும்போது யாரும் திகைப்பதில்லை.

புணர்ச்சின்னா எங்கேயும் சேர்க்கலாமா?

கூடாது. 'ஹெச்' எழுத்தில் தொடங்கும் சில சொற்கள் சேர விடாது. அந்த எழுத்துக்கு ஒலியே இல்லை, ஆனால் ஒரு சுவர் மாதிரி நிற்கும். 'வீரர்கள்' என்பது 'லே ஏரோ'. அங்கே 'ஸ்' போட்டு 'லே ஸேரோ' என்று சொல்லிவிட்டால் 'பூச்சியங்கள்' என்று பொருள் மாறிவிடும். இந்தச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நிஜமாவே அவ்வளவு வேகமா பேசுறாங்களா, இல்ல நமக்குத்தான் அப்படித் தோணுதா?

கொஞ்சம் இரண்டும். லியோன் நகரத்து ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட அளவீட்டில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் நொடிக்குச் சராசரி 7.18 அசை சொன்னார்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள் 6.19. ஆக ஓர் அசை கூடுதல். ஆனால் ஆங்கிலத்தில் ஓர் அசைக்குள் அதிக விஷயம் அடைந்திருக்கும், அதனால் ஒரு நொடியில் சொல்லப்படும் செய்தி கிட்டத்தட்ட ஒரே அளவுதான். மீதி வேகம் எல்லாம் மேலே சொன்ன, சொற்களை எங்கே வெட்டுவது என்ற பிரச்சினை. வெட்டத் தெரியாத மொழி எதுவானாலும் வேகமாகத்தான் கேட்கும்.

இன்னொன்று, வகுப்பில் படிக்கும் பிரெஞ்சும் தெருவில் கேட்கும் பிரெஞ்சும் ஒன்றல்ல. "எனக்குத் தெரியாது" என்பதைப் புத்தகம் "ஜ ந ஸே பா" என்று நான்கு அசையாகச் சொல்லிக்கொடுக்கும். கடையில் நிற்கும் பையன் "ஷே பா" என்று இரண்டு அசையில் முடித்துவிடுவான். "தெரியவில்லை" என்று எழுதிவிட்டு "தெர்ல" என்று பேசுகிறோமே, அதே கதைதான்.

பிரெஞ்சு டகடகன்னு ஒரே தாளத்துல போகுதுன்னு ஆங்கிலக்காரங்க சொல்றாங்களே?

ஆங்கிலம் அழுத்தத்துக்கு அழுத்தம் தாவிப் போகும். நடுவில் இருக்கும் அசைகளை நசுக்கிவிடும். 'போட்டோகிராஃபி' என்பதை அவர்கள் சொல்லும்போது இரண்டாவது அசையில் குத்திவிட்டு மற்றதை விழுங்குவதைக் கவனியுங்கள். பிரெஞ்சில் ஒவ்வோர் அசைக்கும் ஏறக்குறைய சம மரியாதை. அந்தக் காதுக்கு அது துப்பாக்கி சுடுவதுபோல இருக்கிறது. எடின்பரோவில் இருந்த ஒலியியல் ஆய்வாளர் டேவிட் அபர்கிராம்பி 1967-இல், பிரெஞ்சையும் நம் பக்கத்து வீட்டுத் தெலுங்கையும் ஒரே வகையில் வைத்தார், ஆங்கிலத்தையும் ரஷ்யனையும் இன்னொரு வகையில். பிற்பாடு கருவி வைத்து அளந்தபோது எந்த மொழியிலும் அசைகள் கச்சிதமாகச் சம நீளமாக இல்லை. கணக்கில் பொய்த்தாலும் காதில் விழும் வேறுபாடு உண்மைதான்.

கடன் வாங்கிய சொற்களிலும் இது தெரியும். 'பாலே', 'கராஜ்' மாதிரிச் சொற்களை அமெரிக்கர்கள் கடைசி அசையில் குத்துவார்கள், பிரிட்டிஷ்காரர்கள் முதல் அசையில். பிரெஞ்சில் இருப்பதோ கடைசியில் லேசான ஒரு நீட்டல். அமெரிக்கர் அதைப் பெரிதாக்கிக் கேட்டார், பிரிட்டிஷ்காரர் கேட்டும் தன் வழக்கத்துக்கு இழுத்துக்கொண்டார்.

சொல்லாத எழுத்தை எதுக்கு எழுதி வச்சிருக்காங்க?

ஒரு காலத்தில் சொன்னார்கள், அதனால். கடைசி மெய்கள் பல பேச்சிலிருந்து உதிர்ந்துபோன பிறகும் எழுத்து அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பழைய பிரெஞ்சைக் கேட்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் கேட்கலாம். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே போன சொற்களில் 'ஃபாரஸ்ட்', 'ஹாஸ்டல்', 'ஹாஸ்பிடல்' என்று 'ஸ்' இன்னும் ஒலிக்கிறது. பிரான்ஸில் அந்த 'ஸ்' போய், அதன் நினைவாக முந்தைய உயிரின் தலைமேல் ஒரு சின்னத் தொப்பி மட்டும் மிச்சம். 'சீஃப்', 'ஷெஃப்' இரண்டும் ஒரே சொல்தான். 'ச' ஒலித்த காலத்தில் போனது தலைவர் ஆனது, 'ஷ' ஆன பிறகு போனது சமையல்காரர் ஆனது.

அப்போ கடைசி எழுத்தை எல்லாம் விட்டுட்டா பிரெஞ்சு ஆயிடுமா?

ஆங்கிலக்காரர்கள் விழுகிற பள்ளமே இதுதான். வேதனையில் கிடக்கும் உயிருக்குக் கருணையாகக் கொடுக்கும் கடைசி அடியைப் பிரெஞ்சில் 'கூ த க்ராஸ்' என்பார்கள். கடைசி 'ஸ்' கட்டாயம் ஒலிக்க வேண்டும். "பிரெஞ்சில்தான் கடைசியைச் சொல்ல மாட்டார்களே" என்று பலர் 'கூ த க்ரா' என்கிறார்கள். அது 'கொழுப்பு அடி' ஆகிவிடும். பெண்களின் உள்ளாடைக்கான சொல் பிரெஞ்சில் 'ரீ' என்று முடியும், அமெரிக்கர்கள் 'ரே' என்று முடிக்கிறார்கள், 'கஃபே', 'பாலே' எல்லாம் 'ஏ'யில் முடிவதால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்ற அனுமானம்.

இந்தப் பழக்கம் பிரெஞ்சையும் தாண்டிவிட்டது. ஆங்கிலத்தில் 'மெஷர்' என்ற சொல்லின் நடுவில் வருமே ஓர் ஒலி, பிரெஞ்சு 'ஜ' அதுதான். அந்நியச் சொல் என்றாலே அந்த ஒலியைப் போட வேண்டும் என்று நினைத்துத் தாஜ் மகாலின் 'ஜ்'ஜுக்கும் பெய்ஜிங்கின் 'ஜி'க்கும் அதைப் போட்டுவிடுகிறார்கள். நம் 'ஜ'வே அங்கே சரி. இந்திய மாணவர்களும் ஆங்கிலச் செய்தி பார்த்துத் 'தாஷ்' மாதிரிச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பிரெஞ்சே தெரியாத ஆங்கிலக்காரர் காதுல அது எப்படி விழுந்துச்சுன்னு ஏதாவது சாட்சி இருக்கா?

நல்ல சாட்சி இருக்கிறது. முதல் உலகப் போரில், 1914 முதல் 1918 வரை, பள்ளியில் பிரெஞ்சு படிக்காத லட்சக்கணக்கான பிரிட்டிஷ் சிப்பாய்கள் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். காதில் விழுந்ததை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்கள். 'ஈப்ர்' என்ற பெல்ஜிய ஊர் 'வைப்பர்ஸ்' ஆனது, அந்தப் பெயரில் 1916-இல் சிப்பாய்கள் ஒரு பத்திரிகையே அச்சடித்தார்கள். பெரிய முகாம் இருந்த 'ஏதாப்ள்' என்ற ஊர் 'ஈட் ஆப்பிள்ஸ்'. இதில் பாதி எழுத்தைப் பார்த்துச் சொன்னது.

முழுக்கக் காதால் வந்தவை இன்னும் அருமையானவை. "பரவாயில்லை" என்பதற்கு "ஸ ந ஃபே ரியன்" என்று ஊர்க்காரர்கள் சொன்னது 'சான் ஃபேரி ஆன்' ஆயிற்று, கேட்டால் ஏதோ ஒரு பெண்ணின் பெயர் மாதிரி இருக்கும். கடைசியில் இருந்த மூக்குயிர் முழு 'ன்' ஆனதைப் பாருங்கள், முதல் பதிலில் சொன்னதேதான். கடையில் எதைக் கேட்டாலும் "தீர்ந்துபோச்சு" என்று வந்த பதில், "இல் ந்யான் ஆ ப்லு", 'நாப்பூ' ஆகிவிட்டது. அந்த விசில் உயிர் வெறும் 'ஊ' ஆனதையும் கவனியுங்கள். முட்டை தீர்ந்தாலும் நாப்பூ, தோழன் செத்தாலும் நாப்பூ. "உடனே" என்பதற்கான 'தூ த ஸ்வீத்' அவர்களுக்கு 'டூட் ஸ்வீட்'. எந்த ஒலி எதில் போய் விழும் என்று இதைவிடத் தெளிவாக ஒரு பரிசோதனைக்கூடம் காட்ட முடியாது.

பழைய காலத்திலும் இப்படித்தான். நெருப்பை மூடு என்ற 'கூவ்ர் ஃபு' ஆங்கிலத்தில் ஊரடங்குக்கான 'கர்ஃபியூ' ஆனது. சிங்கத்தின் பல் என்ற 'தான் த லியோன்' 'டான்டிலியன்' என்ற பூவானது. "ஏதோ ஒன்று" என்ற 'கெல்க ஷோஸ்' அற்பமான அலங்காரப் பண்டத்துக்கு 'கிக்‌ஷா' என்று பெயராகிவிட்டது.

விமானத்துல ஆபத்துன்னா 'மேடே'ன்னு சொல்றது பிரெஞ்சாமே?

"எனக்கு உதவுங்கள்" என்று பொருள்படும் 'மேதே'. 1920-களின் தொடக்கத்தில் லண்டனின் குராய்டன் விமான நிலையத்துக்கும் பாரிஸின் லெ பூர்ஜேவுக்கும் இடையே போக்குவரத்து அதிகம். பழைய ஆபத்துக் குறியான 'எஸ்ஓஎஸ்'ஸில் வரும் 'எஸ்' எழுத்து வானொலித் தொலைபேசியில் சரியாகக் கேட்காததால் இரண்டு பக்கத்துக்கும் புரிகிற ஒரு சொல் வேண்டியிருந்தது. குராய்டனில் இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்ட் என்ற வானொலி அதிகாரி இதைத் தேர்ந்தெடுத்தார். 1927-இல் அது உலக வழக்கமானது. ஆனால் தெருவில் ஆபத்து என்றால் பிரெஞ்சுக்காரர் இப்படிக் கத்த மாட்டார், 'ஓ ஸ்கூர்' என்றுதான் கத்துவார்.

ஆங்கிலக்காரங்க பிரெஞ்சு ஊர்ப்பேரை மாத்திச் சொன்னா அது தப்புதானே?

ஊர் யாருடையது என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்திலேயே ஹாம்ப்ஷயரில் ஓர் ஊருக்கு 'அழகிய இடம்' என்ற பிரெஞ்சுப் பெயர், எழுத்தும் அப்படியே, ஆனால் ஊர்க்காரர்கள் சொல்வது 'பியூலி'. 'போல்யூ' என்று பிரெஞ்சாகச் சொன்னால் அங்கே வழி கேட்க முடியாது. அமெரிக்காவில் 'ஜலசந்தி' என்ற சொல் 'டெட்ராய்ட்' ஆகிவிட்டது. கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் வெர்சாய் 'வெர்சேல்ஸ்'தான். அங்கே வாழ்கிறவர்கள் சொல்வதே அந்த ஊரின் பெயர் என்பது என் கட்சி.

பிரெஞ்சு கேட்டாலே இனிமையா, ரொமான்டிக்கா இருக்குங்கிறாங்களே. அது ஒலியில இருக்கா?

ஒலியில் இருப்பது கொஞ்சம், வரலாற்றில் இருப்பது நிறைய. நார்மன் காலத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் அரசவை, சட்டம், விருந்து எல்லாம் பிரெஞ்சில் நடந்தன. நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362-இல். மேட்டுக்குடி மொழியாகப் பல தலைமுறை கேட்ட காதுக்கு அது நாகரிகமாகவும் கேட்கும், கர்வமாகவும் கேட்கும். அதே நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கதையில் வரும் கன்னிமாடத் தலைவியைப் பற்றி, அவள் பேசுவது லண்டனை ஒட்டிய ஸ்ட்ராட்ஃபோர்ட் பிரெஞ்சு, பாரிஸ் பிரெஞ்சு அவளுக்குத் தெரியாது என்று எழுதுகிறார். உச்சரிப்பை வைத்து ஆளை எடைபோடுவதற்கு அறுநூறு வயதுக்கு மேல் ஆகிறது.

மொன்ட்ரியால்ல இருக்கிற எங்க சொந்தக்காரப் பிள்ளைங்க பேசுற பிரெஞ்சு வேற மாதிரி இருக்கே?

அது கியூபெக் பிரெஞ்சு. 1977-இல் வந்த மொழிச் சட்டத்தால் அங்கே குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகிறார்கள், அதனால் அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் சரளமாகப் பேசுகிறார்கள். அங்கே 'ஈ'க்கும் அந்த விசில் உயிருக்கும் முன்னால் 'த' வந்தால் 'த்ஸ' ஆகும். 'நீ' என்பது 'த்ஸு' மாதிரிக் கேட்கும். நீண்ட உயிர்கள் நடுவில் வளையும். பாரிஸ் பிரெஞ்சு மட்டுமே கேட்டுப் பழகிய ஆங்கிலக்காரர் இது தப்பான பிரெஞ்சு என்று நினைத்துவிடுகிறார். தப்பே இல்லை. திருநெல்வேலித் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் தமிழ்தானே.

பிரெஞ்சுக்காரர் காதுல ஆங்கிலம் எப்படி விழுது?

அங்கேயும் இதே கதை, திசை மட்டும் மாறும். 'ஹ' இல்லாத மொழி, அதனால் 'ஹேப்பி' 'ஆப்பி' ஆகும். சொல்லில் அழுத்தம் எந்த அசையில் என்பது அவர்களுக்குப் பொருளை மாற்றுவதில்லை, ஆகவே அதைக் கேட்டு நினைவில் வைப்பது சிரமம். 1997-இல் எமானுவல் துப்பூவும் கூட்டாளிகளும் செய்த சோதனையில், அழுத்தம் மட்டும் இடம் மாறிய சொற்களைப் பிரித்தறிய ஸ்பானியர்களைவிடப் பிரெஞ்சுக்காரர்கள் மிகவும் தடுமாறினார்கள். ஷேக்ஸ்பியர் 'ஐந்தாம் ஹென்றி'யில் பிரெஞ்சு இளவரசி ஆங்கிலம் படிக்கும் காட்சியை வைத்திருக்கிறார். காலுக்கும் அங்கிக்கும் உள்ள சாதாரண ஆங்கிலச் சொற்கள் அவள் காதில் பிரெஞ்சுக் கெட்ட வார்த்தைகளாக விழுந்து அவள் பதறிப்போகிறாள்.

புதுச்சேரி கவர்னர் பேரு 'டூப்ளே'வா, 'துய்ப்ளெக்ஸ்'ஸா? பாடப்புத்தகத்துல ஒண்ணு, ஊர்ல ஒண்ணு.

ஊரில் சொல்வதுதான் கிட்டத்தில் இருக்கிறது. 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்தவர் அவர். கடைசி எழுத்து பிரெஞ்சில் ஒலிக்கும். பாரிஸ் மெட்ரோவில் ஆறாவது தடத்தில் அவர் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது, அங்கேயும் 'ப்ளெக்ஸ்'தான். 'டூப்ளே' என்பதில் 'த' 'ட' ஆகி, விசில் உயிர் 'ஊ' ஆகி, கடைசி எழுத்து தேவையில்லாமல் உதிர்ந்திருக்கிறது. மேலே சொன்ன மூன்று பிழைகளும் ஒரே பெயரில்.

'துய்' என்று எழுதிய கையை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. நம் எழுத்தில் இல்லாத ஓர் உயிரை, உகரத்தின் உதட்டையும் யகரத்தின் நாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பல்லைத் தொடும் 'த'வும் சரியாக இருக்கிறது.

எவ்வளவு பழகினாலும் உச்சரிப்பு வெளியாள் மாதிரியே இருக்கு. பேசலாமா, வேண்டாமா?

பேசுங்கள். ஜேன் பர்கின் லண்டனில் பிறந்து பிரான்ஸிலேயே அரை நூற்றாண்டு பாடி நடித்து 2023-இல் மறைந்தார். ஆங்கில வாடை கடைசிவரை போகவில்லை, அந்த நாடு அவரைத் தன் பெண்ணாகவே வைத்துக்கொண்டது. 1940 அக்டோபர் 21 அன்று, பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, சர்ச்சில் வானொலியில் பிரெஞ்சிலேயே பேசினார். அப்பட்டமான ஆங்கில உச்சரிப்பு. கேட்டவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

சரி, தமிழ்க் காதோட நேரா பழக எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

முதல் பத்து நாளுக்குப் புத்தகத்தை மூடி வையுங்கள். எழுத்தைப் பார்த்தால் ஆங்கிலம் உள்ளே வந்துவிடும். பிரெஞ்சு வானொலிச் செய்தியில் ஒரு நிமிடத்தைப் பதிவுசெய்துகொண்டு, பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காதில் விழுவதைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். மூக்கில் ஒலிக்கும் உயிருக்கு மேல் ஒரு புள்ளி, விசில் உயிருக்கு 'உய்', தொண்டை 'ர'வுக்கு ஏதாவது ஒரு குறி. மறுநாள் அதே நிமிடத்தைக் கேட்டுத் திருத்துங்கள். நான்காம் நாள் வாக்கில் எழுதியதை உரக்க வாசித்துப் பதிவுசெய்து, அசலோடு மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எழுத்து வடிவத்தைப் பதினோராம் நாள் திறந்து பாருங்கள்.